கல்லைக் காப்பது பல்கலைக்கழகத்தின் வேலைதான்

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தின் தொல்பொருள்களையும் நடுகற்களையும் ஓலைச்சுவடிகளையும் சேர்த்துவைத்துப் படிக்க, இந்த வட்டாரத்திலேயே ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பு வேண்டும் என்று எங்களைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அது வீண்செலவு என்று இப்பகுதித் தொழில்முனைவோர் ஒருவர் கட்டுரை எழுதி மறுத்திருக்கிறார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைத்திருந்தால் பதில் எழுதும் தேவையே வந்திருக்காது. அரசு அலுவலகத்திலும் கல்லூரி நிர்வாகக் கூட்டத்திலும் நிலத்தரகர் வாயிலும் இதே பேச்சு புழங்குகிறது. அவர் அதைக் கோவையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

அவர் வாதத்தைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் வேலை ஆலைக்குத் தேவையான ஆட்களை உருவாக்குவது. பழம்பொருள்களைச் சேர்ப்பது சென்னை அருங்காட்சியகத்தின் வேலை. பதிவுசெய்துதான் ஆக வேண்டுமென்றால் படம் பிடித்து, முப்பரிமாண ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், பொருளைக் கட்டிக் காக்க வேண்டாம். இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளில் பெரும்பங்கு கன்னடம், அதற்குத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏன் செலவழிக்க வேண்டும்? இருக்கிற சேகரிப்புகளையே நம் பல்கலைக்கழகங்கள் தூசி படியப் போட்டிருக்கின்றன, புதிதாக ஒன்று எதற்கு? இவ்வளவும் சொல்லிவிட்டு, வயலிலும் புறம்போக்கிலும் நிற்கும் கற்களை ஒரே மூச்சில் அள்ளி எங்காவது ஒரு வளாகத்தில் நட்டுவிட்டால் தொழில் வளர்ச்சிக்குத் தடை நீங்கும் என்று முடிக்கிறார்.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

ஆலைக்கு ஆள் தயாரிப்பது மட்டுமே பல்கலைக்கழகத்தின் வேலை என்கிறார். இந்த வட்டாரம் எதை வைத்துப் பிழைக்கிறது? உலோகத்தை வைத்து. சிப்காட் வந்த நாளிலிருந்து கடைசலும் வார்ப்பும் உதிரிபாகமும்தான் ஓசூரின் அடையாளம். அதே மாவட்டத்தில், பர்கூர் பக்கம் தொகரப்பள்ளிக்கு அருகிலுள்ள மயிலாடும்பாறையில் 2003இல் பேராசிரியர் கா. ராஜன் அகழாய்வு செய்தார். 2021இல் மாநிலத் தொல்லியல் துறை மறுபடியும் அங்கே தோண்டியது. கிடைத்த மாதிரிகளைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது, இரும்பு புழங்கிய அடுக்குக்குப் பொ.ஆ.மு. 2172 என்று முடிவு வந்தது. 2022 மே மாதம் முதலமைச்சர் அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாலாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பைக் கையாண்ட மண்ணில் இரும்பை வைத்துச் சம்பாதிக்கும் ஒருவர், அந்தப் பழைய கதை தன் பகுதிப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்கிறார். உலோகவியல் படிக்கும் மாணவன் தன் தாலுகாவில் கிடைத்த இரும்பைத் தொட்டுப் பார்க்காமல் பட்டம் வாங்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

பல்கலைக்கழகங்கள் பொருள் சேர்ப்பது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த ஆசையும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தை 1683இல் திறந்தது. கொல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937இல் அசுதோஷ் அருங்காட்சியகத்தைத் தொடங்கியது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் வைத்த முதல் பொது அருங்காட்சியகம் அது. நாடு விடுதலை பெறாத காலம், பஞ்சமும் போரும் நெருங்கிவந்த காலம். அப்போதும் வங்காளத்துக் கிராமங்களில் அலைந்து சுடுமண் சிற்பமும் காந்தா தையலும் ஓவியச் சுருளும் சேர்த்தார்கள். வங்காளத்தின் நாட்டார் கலை பற்றிப் படிக்க வருகிறவர்களுக்கு இன்றும் அந்தச் சேகரிப்பு ஒரு முதன்மையான வாசல். நம்மிடம் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி நான்கு மாவட்டங்களும் அதன் எல்லைக்குள் வருகின்றன. தமிழ்நாட்டிலேயே நடுகல்லும் ஈமச்சின்னமும் அடர்ந்த நிலப்பரப்புகளில் ஒன்று அதன் கையில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லட்டும்.

கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம்தான் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது, அதன் பணி மதிப்புக்குரியது. ஆனால் மக்கள் பார்ப்பதற்காகக் காட்சிக்கு வைப்பது ஒரு வேலை. உடைந்த ஓட்டையும் கரித்துண்டையும் இரும்புக் கசடையும் வகைப்படுத்தி இருப்பில் வைத்து, ஆண்டுதோறும் வரும் மாணவர்கள் கையில் கொடுத்துப் புதுக் கேள்வி கேட்கவைப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையைப் பல்கலைக்கழகம்தான் செய்ய முடியும்.

அடுத்து, ஸ்கேன் எடுத்தால் போதும் என்ற வாதம். அவர் வாதங்களில் இதுதான் ஆபத்தானது. கேட்பதற்கு நவீனமாக இருக்கிறது, செலவும் குறைவாகத் தெரிகிறது, அதனால் படித்தவர்களும் தலையாட்டுகிறார்கள்.

மேட்டூருக்கு அருகே தெலுங்கனூரில் ஓர் இரும்புக்கால ஈமச்சின்னத்தில் இருபுறமும் கூருள்ள வாள் ஒன்று கிடைத்தது. ராஜனும் கொரியாவின் ஹோங்கிக் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜாங்-சிக் பார்க்கும் அதை ஆய்வு செய்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். அது வெறும் இரும்பு அல்ல, கார்பன் மிகுந்த எஃகு என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது? வாளிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் உலோகத்தின் உள்ளமைப்பைப் பார்த்ததால் தெரிந்தது. அந்த வாளை ஆயிரம் கோணத்தில் படம் பிடித்து வைத்துக்கொண்டு பொருளைத் தொலைத்திருந்தால், துருப்பிடித்த நீளமான ஒரு வடிவம் என்பதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. மயிலாடும்பாறையின் காலமும் அப்படித்தான். அது மண்ணில் எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் அளந்து பெற்றது, படத்தைப் பார்த்துச் சொன்னது அல்ல. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகையில் எடுத்த எலும்புகளில் மதுரை காமராசர் பல்கலைக்கழக மரபணுத் துறை மரபணு தேடுகிறது. அங்கே கிடைத்த மண்டை ஓடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார் முகங்களை மீட்டுருவாக்கினார்கள், 2025இல் அவை வெளிவந்தன. கடைசியாகச் சொன்ன இதற்கு மண்டை ஓட்டின் ஸ்கேன் பயன்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் எலும்பைப் பத்திரப்படுத்தாதவர்களுக்கு மரபணு எங்கிருந்து கிடைக்கும்? இன்றைய கருவி இன்றைய கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இருபது ஆண்டு கழித்து வருகிறவர் கேட்கப்போகும் கேள்வி நமக்குத் தெரியாது. அவருக்குப் பொருள்தான் வேண்டும்.

கல்வெட்டு வாசிப்பை அருகிலிருந்து பார்த்திருந்தால் அவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். முதலில் கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்துப் பாசியையும் சுண்ணாம்பையும் அகற்றுவார்கள். ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, மயிர்த்தூரிகையால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி செய்வார்கள். தாள் காயும் பதத்தில் மைப்பந்தால் ஒற்றினால் எழுத்து வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் எழுந்து வரும். அதன் பிறகும் சந்தேகம் தீராது. மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது கல்லிடமே திரும்பிப் போய், விரல் நுனியால் வரிகளைத் தடவி, இது ‘ர’வா, காலா, வெறும் கீறலா என்று முடிவு செய்வார்கள். அச்சான பாடத்தில் பிழை இருந்தால் இன்னொருவர் போய்ப் பார்த்துத் திருத்துவார். அந்தக் கல் இல்லையென்றால் பிழையும் நிரந்தரமாகிவிடும்.

படத்துக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு ஆஷ்மோலியனே சாட்சி. கும்பகோணம் அருகே சுந்தரப்பெருமாள்கோவிலில் இருந்த திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, 1967இல் லண்டன் ஏலத்தில் அந்த அருங்காட்சியகத்தின் கைக்குப் போனது. 1957இல் அதே சிலையைக் கோயிலில் வைத்து எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆவணத்தில் இருந்தது. அதை வைத்துத்தான் உண்மை வெளிவந்தது. சிலையைத் திருப்பித் தரும் கோரிக்கைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேரவை 2024 மார்ச்சில் ஆதரவு தெரிவித்தது. படம் இருந்தால் போதும் என்பவர் இதைத் தனக்குச் சாதகமான உதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடும். நடந்ததைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்று எழுதி, அந்தப் படத்தை அறுபது ஆண்டுக்கு மேல் பாதுகாத்தது. அப்படிக் காத்ததற்குப் பெயர்தான் சேகரிப்பு. படம் கையில் இருந்தும் சிலை பல காலம் கடல் தாண்டித்தான் இருந்தது. படத்தைப் பார்த்து நிறைவடைந்துவிடலாம் என்றால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஆழ்வாரைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

லைடன் பல்கலைக்கழகத்தையும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை இராசராசன் கொடையளித்த செய்தி சொல்லும் 21 செப்பேடுகள், குலோத்துங்கன் காலத்து 3 ஏடுகள், இரண்டும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து அந்தப் பல்கலைக்கழகத்தில் இருந்திருக்கின்றன. அவற்றின் பாடம் நமக்குப் பல பத்தாண்டுகளாக அச்சில் கிடைக்கிறது, படங்களும் கிடைக்கின்றன. ஆனாலும் இந்தியா அவற்றைத் திரும்பக் கேட்டது. கேட்டது சரி. மூலப்பொருளுக்கு இவ்வளவு மதிப்பிருப்பதால்தான் உலகத்தின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவற்றைச் சேர்த்துக் காத்துவந்திருக்கின்றன. லைடனிடம் செப்பேட்டைக் கேட்ட நாமே ஓசூர்ப் பக்கத்து உத்தனப்பள்ளி வயலில் நிற்கும் கல்லைப் படத்தோடு விட்டுவிடலாம் என்று சொன்னால், நம் கோரிக்கையை நாமே கொச்சைப்படுத்துகிறோம்.

இன்னோர் உதாரணம், ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவில். பெங்களூரின் கல்வெட்டுகளையும் வீரக்கற்களையும் மிதிக் சொசைட்டியின் திட்டம் முப்பரிமாண ஸ்கேன் செய்து வருகிறது. இவர் போற்றும் தொழில்நுட்பத்தை இவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அந்த ஊரில் ஹெப்பாளத்தில் 8ஆம் நூற்றாண்டுக் கிட்டய்யன் கல்வெட்டு 2018இல் கண்டெடுக்கப்பட்டபோது, ஸ்கேன் எடுத்துவிட்டுக் கல்லை விட்டுவிடவில்லை. ஊர்மக்கள் கூடி அதற்கு மண்டபம் கட்டினார்கள். ஸ்கேன் செய்கிறவர்கள் கல்லைத் தேடிப் போகிறார்கள். ஸ்கேனைக் காரணமாகச் சொல்லிக் கல்லைக் கைவிடச் சொல்கிறவர் ஒருநாளும் ஸ்கேன் எடுக்கப் போவதில்லை.

கன்னடக் கல்வெட்டுக்குத் தமிழ்ப் பணம் எதற்கு என்று அவர் கேட்டிருப்பதைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இந்த மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இந்த மண்ணிலேயே இத்தனை ஆண்டு தொழில் செய்ய முடிகிறதே! 13ஆம் நூற்றாண்டில் போசள வீரராமநாதன் இந்த வட்டாரத்துக் குந்தாணியில் இருந்து ஆண்டபோது தமிழிலும் கன்னடத்திலும் கல்வெட்டுப் பொறித்தார்கள். அதற்கு முன் கங்கரும் நுளம்பரும் மோதிக்கொண்ட எல்லை இது. உத்தனப்பள்ளியிலும் கெலமங்கலத்திலும் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் மூன்றையும் பேசுகிறவர்கள் ஏராளம். அவர்களும் வரி கட்டுகிறார்கள், அவர்கள் பாட்டன் கல்லும் இங்கேதான் நிற்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பி.எல். ரைஸ் 1905இல் கோலார் மாவட்டக் கல்வெட்டுத் தொகுதியை வெளியிட்டபோது அதில் தமிழ்க் கல்வெட்டுகளை ஏராளமாகச் சேர்த்தார். இது மைசூர் அரசின் வெளியீடு, தமிழுக்கு ஏன் தாளும் மையும் என்று அங்கே யாரும் தள்ளிவிடவில்லை. கோலார்ப் பக்கத்துத் தமிழ் வரலாறு நமக்கு இன்று தெரிகிறது என்றால் அந்த நேர்மையால்தான். மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சிக்குத் தகுதி வேண்டுமென்றால், நம்மிடம் இருக்கும் கன்னடக் கல்லையும் தெலுங்குக் கல்லையும் நம் சொந்தக் கல்லாக வைத்துக் காக்க வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இருப்பதையே சரியாகக் காப்பதில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. கூரை ஒழுகும் இருப்பறையும், பெயர்ச்சீட்டு உதிர்ந்துபோன பானை ஓட்டுப் பெட்டியும், பதிவேட்டை அறிந்த ஒரே பேராசிரியர் ஓய்வுபெற்றதும் பூட்டப்பட்ட அறையும் தமிழ்நாட்டில் இல்லையென்று நான் சொல்லப் போவதில்லை. காலிப் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளரை வைத்து ஓட்டினால் இதுதான் நடக்கும். ஆனால் இதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள். தன் ஆலையில் பராமரிப்பு இல்லாமல் ஒரு லேத் துருப்பிடித்துப் போனால் பராமரிப்புக்கு ஆள் போடுவாரா, இனி லேத்தே வேண்டாம் என்று ஆலையை மூடுவாரா? தனக்கு ஒரு நியாயம், பொதுச் சொத்துக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

நன்றாகக் காப்பது நம்மால் ஆகாத காரியமும் அல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் சொந்த முயற்சியில் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் நாடகச் சுவரொட்டிகளையும், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. கப்பலேற்றிக் கொண்டுபோக அதற்கு வசதியும் உரிமையும் இருந்தன. ஆனாலும் சென்னையிலேயே நூலகமாக வைக்க ஏற்பாடு செய்தது. தமிழ் அச்சுப் பண்பாட்டை ஆராயும் எவரும் இன்று அந்த நூலகத்தின் படியேறாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தமிழ்ப் பொருள் தமிழ் மண்ணில் இருக்க வேண்டும் என்று நினைத்து நடந்துகொண்டது. உள்ளூர்க்காரரோ உள்ளூர்ப் பொருள் எங்கேயாவது போகட்டும் என்கிறார்.

கடைசி யோசனைக்கு வருகிறேன், எல்லாக் கற்களையும் அள்ளி ஒரே வளாகத்தில் நடுவது. பார்ப்பவர்களுக்கு இது நாங்கள் கேட்பதைப் போலவே தோன்றலாம். உண்மையில் அதற்கு நேர் எதிரானது.

இங்கே வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நிற்கும் நடுகல்லைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கீழ் அடுக்கில் வில்லோ வாளோ ஏந்திய வீரன், சில கற்களில் அவன் உடலில் தைத்த அம்பு, பக்கத்தில் மாடு அல்லது பாயும் புலி. நடு அடுக்கில் அவனைத் தோளில் கைபோட்டு மேலே அழைத்துப் போகும் பெண்கள். உச்சியில் லிங்கத்தின் முன் அவன் அமர்ந்திருப்பான். எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் படிந்து படிந்து முகம் மழுங்கியிருக்கும். வேடியப்பன் என்று கும்பிடுகிற குடும்பம் ஒன்று இருக்கும், பொங்கலுக்கு வந்து படையல் போடும். அந்தக் கல் மாட்டுமந்தை போன வழியில் நிற்கிறதா, இரண்டு ஊர் எல்லையில் நிற்கிறதா, உடைப்பெடுத்த ஏரிக்கரையில் நிற்கிறதா என்பதில்தான் அதன் கதையில் பாதி இருக்கிறது. அதைப் பிடுங்கி, எந்த ஊர்க் கல் என்றுகூட எழுதாமல், பூங்காப் புல்தரையில் வரிசையாக நட்டால் அது அலங்காரப் பொருள். மல்லசந்திரம் குன்றில் வட்டமாக நட்ட பலகைக் கற்களுக்கு நடுவே நிற்கும் கல்திட்டைகளைப் பார்த்தவர் எவரும் அவற்றில் ஒன்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்று வாய்திறக்க மாட்டார். 1970களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமன் மல்லப்பாடியில் கண்டறிந்த வெண்ணிறப் பாறை ஓவியத்தை, குதிரைமேல் இருந்து போரிடும் அந்த உருவங்களை, எந்த லாரியில் ஏற்றப் போகிறார்?

நிற்கும் கல் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாமல் அகற்ற நேர்ந்தால், இடம், திசை, அருகில் இருந்தவை, வழிபடுவோர் சொல்லும் கதை எல்லாவற்றையும் எழுதிய பிறகே அகற்ற வேண்டும். மண்ணுக்கடியில் இருந்து வருவது பல்கலைக்கழக இருப்பறைக்குப் பதிவெண்ணோடு போக வேண்டும். கல் எங்கே நிற்கிறது என்ற ஊர்வாரிப் பட்டியலும், மைப்படியும், ஸ்கேனும், கதையும் அதே பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும். நாங்கள் கேட்கும் சேகரிப்பு இதுதான்.

இதற்கு அவசரமும் இருக்கிறது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2023இல் விவசாயிகள் மாதக்கணக்கில் போராடினார்கள். தக்காளியும் ரோஜாவும் கோசும் விளையும் நிலத்தை அவர்கள் ஏன் விட மறுத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம், அதில் நான் விவசாயிகள் பக்கம். ஆனால் ஆலைக்காகவோ, லேஅவுட்டுக்காகவோ, சாலைக்காகவோ, இந்த வட்டாரத்தில் நாள்தோறும் ஏதோ ஓரிடத்தில் ஜேசிபி மண்ணைப் புரட்டிக்கொண்டிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டைப் பார்த்து, இது தெரிவிக்க வேண்டியது என்று ஜேசிபி ஓட்டும் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பலகைக் கற்கள் நாலு செங்குத்தாகப் புதைந்திருந்தால் அது ஈமச்சின்னம் என்று மேற்பார்வையாளருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியரும் மாணவர் கூட்டமும் பக்கத்தில் இருக்க வேண்டும், தொலைபேசியில் கூப்பிட்டால் அன்று மாலைக்குள் வந்து பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். சென்னை முந்நூறு கிலோமீட்டர்.

இதற்கு ஆகும் செலவு என்ன? ஈரம் ஏறாத இருப்பறை ஒன்று, இரும்பைத் துருவிலிருந்து காக்கத் தெரிந்த ஒருவர், பதிவேட்டைப் பராமரிக்க ஒருவர், கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தும் வாசிக்கத் தெரிந்த கல்வெட்டு ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் ஊர் ஊராகப் போய்வரப் பயணப்படி. இப்பகுதி ஆலைகள் சமூகப் பொறுப்பு நிதியில் ஆண்டுதோறும் செலவழிப்பதில் சிறு பங்கு போதும். கட்டுரை எழுதிய தொழில்முனைவோர் பணம் தராவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த விரிவாக்கத்துக்கு நிலத்தைச் சமப்படுத்தும் முன் ஒரு வாரம் இயந்திரத்தை நிறுத்தி, அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்று மாணவர்களை அந்த நிலத்தில் நடக்க விடட்டும். கிடைப்பதைப் பதிவுசெய்து ஒப்படைக்கச் சம்மதம் என்று எழுத்தில் தரட்டும். அந்தக் கடிதம் வந்த பிறகு அவரோடு மேற்கொண்டு பேசலாம்.